பரண் மேல் ஒரு தை இரவு

மலை நாட்டில் மரத்தின்மேல் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நாம் முதலில் நம்பவில்லை. பிறகு விளம்பரத்தையே பார்த்துவிட்டோம். வயநாட்டிலும் மசினகுடியிலும் இத்தகைய மர வீடுகள் இருக்கின்றன. ஏணி ஏறிப் போகவேண்டும். மேலே கட்டில், மெத்தை, வெந்நீர், காப்பி எல்லாம் உண்டு. ஓர் இரவு தங்குவதற்கு அவர்கள் கேட்கும் தொகையைப் படித்ததும், நம்மைப் போன்ற பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் தரையில் படுப்பதே தேக ஆரோக்கியத்துக்கு உகந்தது என்ற முடிவுக்கு வந்தோம்.

ஆனால் உயர்ந்த இடத்தில் இராத் தங்குவது நமக்கு அவ்வளவு புதிய சங்கதியா? சங்க காலத்துக் குறிஞ்சி நிலப் பெண்கள் தினைப்புனத்துப் பரண்மேல் இருந்துதான் கிளி ஓட்டினார்கள். அதற்கு இதணம் என்று பெயர். மேற்கு மலைகளில் யானைக்கு அஞ்சி வாழ்ந்த ஜனங்கள் மரக்கிளைகளுக்கு நடுவே கட்டிக்கொண்ட குடிலுக்கு ஏறுமாடம் என்று பெயர். நம் முன்னோர் பயிரையும் உயிரையும் காக்க ஏறினார்கள். நாம் காசு கொடுத்து ஏறுகிறோம். இதில் வெள்ளைக்காரரும் பின்வாங்கவில்லை. கென்யா தேசத்தில் 1932-ஆம் ஆண்டு ‘ட்ரீடாப்ஸ்’ என்று ஒரு மர விடுதி ஏற்பட்டது. 1952 பிப்ரவரி 5-ஆம் தேதி அதன்மேல் ஏறிய எலிஸபெத் இளவரசி அடுத்த நாள் இறங்கியபோது, தகப்பனார் இறந்துபோனபடியால், அவர் அறியாமலே மகாராணியாகி இருந்தார். அன்று அவருடன் மரத்தின்மேல் இருந்தவர், நமது குமாவுன் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் பேர் பெற்ற ஜிம் கார்பெட். வெறும் பரண்தானே என்று யாரும் இனி அலட்சியமாகப் பேச வேண்டாம்.

நிற்க. நாம் ஏறிய பரண் பேராவூரணிக்குக் கிழக்கே ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. இலுப்பை மரத்துக் கவையில் நான்கு மூங்கில், அதன்மேல் தென்னமட்டைப் படல், அதன்மேல் கொஞ்சம் வைக்கோல், ஒரு கோணிச் சாக்கு. இவ்வளவே அதன் வசதிகள். வாடகை கிடையாது. முற்றிய நெல்லில் பன்றி இறங்காமலும் மயில் மேயாமலும் காவல் காக்க அதைக் கட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி, தை மாதம் 15, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை. “சார், ஒரு நாள் ராத்திரி வந்து பாருங்க, வானம் எப்படி இருக்குன்னு தெரியும்” என்று அவர் பலமுறை அழைத்ததற்கு இணங்கி அன்று ஏறினோம்.

தை பாதி கடந்தும் வயலில் நெல் நிற்பானேன் என்று வெளியூர் நேயர்கள் கேட்கலாம். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்டதே கல்லணைக் கால்வாய். ஊரார் அதைப் புது ஆறு என்பார்கள். அதன் வாலில், கடைமடையில், இருப்பது பேராவூரணி வட்டாரம். ஆற்றுத் தண்ணீர் தலைமடைக்கெல்லாம் தாகம் தீர்த்துவிட்டு, இளைத்துக் களைத்து நம்மிடம் வந்து சேரும். தண்ணீர் பிந்தினால் விதைப்பு பிந்தும். விதைப்பு பிந்தினால் அறுப்பும் பிந்தும். மற்றவர்கள் புது அரிசியில் பொங்கலிட்டு முடித்த பிறகும் கடைமடைக்காரன் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஆகவே வானத்தைப் படிக்கும் வித்தை இங்கே பொழுதுபோக்கன்று, பிழைப்பு.

அன்று வளர்பிறை. மேலே சந்திரன்; அதைச் சுற்றி, நல்ல தூரத்தில், வெள்ளைக் கோடு போட்டாற்போல ஒரு பெரிய வட்டம்.

“எட்டக் கோட்டை கட்டினா கிட்ட மழை, கிட்டக் கோட்டை கட்டினா எட்ட மழை. எங்க பாட்டன் சொல்லுவாரு, சார்” என்றார் பெரியவர். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

கையை நீட்டிக் கட்டை விரலைச் சந்திரன்மேல் வைத்து ஒரு சாண் அளந்து பார்த்தோம். சுண்டுவிரல் நுனி சரியாக அந்த வட்டத்தைத் தொட்டது. பௌதிக சாஸ்திரமும் இதையே சொல்கிறது. மிக உயரத்தில் பனித்துகள்களாலான மெல்லிய மேகம் படரும்போது, அத்துகள்களில் ஒளி மடிந்து, 22 பாகை தூரத்தில் வட்டம் தோன்றும். கடலில் புயற்சின்னம் ஒன்று திரளும்போது அதன் உச்சியிலிருந்து இத்தகைய மேகம் முன்கூட்டியே பரவி வருவதுண்டு. சந்திரனை ஒட்டிய சிறு வட்டமோ, தாழ்வான மெல்லிய மேகத்திலுள்ள நீர்த்துளிகளால் உண்டாவது. அதற்குப் பின்னால் பெருமழை இருக்கவேண்டிய அவசியமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டன் ஒருவர் இரண்டு வட்டங்களையும் பிரித்தறிந்து, ஒரே வாக்கியத்தில் பேரனிடம் ஒப்படைத்துப் போயிருக்கிறார். நமது வகுப்பில் இதே விஷயத்தை விளக்க நமக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

இப்படியிருக்க, பழமொழிகள் எல்லாமே இவ்வளவு தரமானவை என்று எண்ணிவிடலாகாது. அந்தி நேரத்தில் ஈசல் புறப்பட்டால் அடைமழை வரும் என்கிறோம். ஈசல் புற்றை விட்டுக் கிளம்புவது பெரும்பாலும் மழை பெய்து மண் நனைந்த பிறகுதான். அது சொல்வது நேற்றைய செய்தி. மழைக்காலத்தில் நேற்று பெய்தது இன்றும் பெய்யுமாதலால் ஈசலுக்குத் தீர்க்கதரிசி என்ற பட்டம் கிடைத்துவிட்டது.

அமெரிக்க தேசத்திலும் இந்தக் கதை உண்டு. அங்கே குளிர்காலம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை ஒரு கம்பளிப் பூச்சியின் முதுகிலுள்ள பழுப்புப் பட்டையைப் பார்த்துச் சொல்வார்கள். 1948-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துப் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்த கர்ரன் என்ற பூச்சியியல் பண்டிதர் மனைவியையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்ப் பூச்சிகளைப் பிடித்துப் பட்டைகளை எண்ணத் தொடங்கினார். பட்டையின் அகலம் பூச்சியின் வயதையும் அது தின்று வளர்ந்த காலத்தையும் பொறுத்தது என்பதே இன்றைய முடிவு. அதுவும் கடந்த காலத்தைச் சொல்லும் பூச்சிதான். பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஒரு சிற்றூரில் 1887 முதல் ஒவ்வொரு பிப்ரவரி 2-ஆம் தேதியும் அணில் இனத்துப் பிராணி ஒன்றை வளையிலிருந்து எடுத்து, அது தன் நிழலைக் கண்டதா என்று பார்த்து, பனிக்காலம் நீடிக்குமா என்று அறிவிக்கிறார்கள். காசைச் சுண்டிப் போட்டாலும் அதைவிடக் குறைவாகப் பலிக்காது. நம்மவரை மட்டும் மூட நம்பிக்கைக்காரர் என்று பரிகசிக்கும் புத்திமான்கள் இதைக் கவனிக்கக் கடவர்.

நமது கர்ப்போட்டமும் இத்தகையதே. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் ஏறத்தாழ 14 நாட்களில் கருமேகம் தெற்கு நோக்கி ஓடினால், ஆகாயம் கருத்தரித்துவிட்டது, அடுத்த ஆண்டு மழை உண்டு என்பார்கள். மேகம் கருக்கொண்ட 195-ஆம் நாள் மழையாகப் பிறக்கும் என்று வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் கணக்கே கொடுத்திருக்கிறார். கற்பனை அழகுதான்; சந்தேகமில்லை. ஆனால் வாடைக்காற்று வீசும் மாதத்தில் தாழ்ந்த மேகம் தெற்கே ஓடாமல் வேறெங்கே ஓடும்? ஆண்டுதோறும் தவறாமல் தோன்றும் ஓர் அடையாளம், நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் எப்படிப் பிரித்துக் காட்டும்?

இவற்றையெல்லாம்விட ஆபத்தான பழமொழி ஒன்று உண்டு. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொடுப்பது ஐப்பசி முதல் மார்கழி முற்பாதி வரையுள்ள வடகிழக்குப் பருவக்காற்று. ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில் இந்த வாக்கு பலிக்கவே செய்யும். அதுவே அதன் அபாயம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்றே, அது கார்த்திகை அன்று, மார்கழி. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த பெருமழையில் தஞ்சை ஜில்லாவின் சம்பாக் கதிர்கள் தண்ணீரில் சாய்ந்து முளைவிட்டதை நாமே கண்ணால் கண்டோம். கர்ணனுக்குப் பின்னும் கொடையாளிகள் பிறந்திருக்கிறார்கள். வேண்டாத காலத்தில் வாரிக் கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு.

இதைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு தாமாகவே கஜாப் புயலைப் பற்றி ஆரம்பித்தார்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் அந்தப் புயல் வேதாரணியம் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடும் முறிந்தும் வீழ்ந்தன. வானிலை இலாகாவின் எச்சரிக்கை பல நாட்களுக்கு முன்பே வந்துவிட்டது. வானொலி சொல்லிற்று, தண்டோராப் போட்டும் சொன்னார்கள்.

“எல்லாரும் சொன்னாங்க, சார். நான் சாயங்காலம் இதே ஏரிக்கரையில வந்து நின்னு பார்த்தேன். தட்டான் தாழப் பறக்கல. எறும்பு முட்டை தூக்கல. காத்து ஒண்ணும் கெட்டதா இல்ல. எங்க பாட்டனுக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரியப் போகுதுன்னு போய்ப் படுத்துட்டேன். தென்னை போனது போகட்டும். அதை நான் எங்கே தூக்கிக்கிட்டு ஓட? கொட்டகையில கட்டியிருந்த பசுவை அவுத்தாவது விட்டிருக்கலாம். காலையில ஓட்டுக்குக் கீழே கயித்தோட கிடந்துது.”

நாம் என்ன ஆறுதல் சொல்வது? தட்டானும் எறும்பும் பொய் சொல்லவில்லை. தட்டான் தாழப் பறப்பது, ஈரக்காற்றில் அதன் இரையான கொசுக்கூட்டம் தாழ இறங்குவதால் என்பார்கள். அவற்றுக்குத் தெரிவது தம்மைச் சுற்றியுள்ள சில பர்லாங்கு காற்று. சொல்லக்கூடியது சில நாழிகைச் செய்தி. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் வங்கக் கடலில் சுழல்வதை அவை எவ்வாறு அறியும்? அதைக் காண ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோளும் காரைக்கால் ராடாரும் வேண்டும். அதிராமபட்டினத்து வானிலை நிலையத்தில் அன்றாடம் காற்றழுத்தமானியைப் பார்த்து எழுதும் மனிதரும் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது என்ற விவேகமே முக்கியம்.

அன்று இரவு பெரியவர் இரு சாட்சிகளையும் விசாரித்தார். மேலே பாட்டனின் கோட்டை. கையிலே பேரனின் கைப்பேசி. தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருப்பதாகவும், இரண்டு மூன்று தினங்களில் டெல்டா ஜில்லாக்களில் மழை பெய்யக்கூடும் என்றும் அதில் அறிவிப்பு வந்திருந்தது. நெல் முற்ற இன்னும் ஐந்தாறு நாள் வேண்டும். இப்போது அறுத்தால் பச்சை மணி கலந்து எடை குறையும். ஈரம் 17 சதவீதத்துக்கு மேலிருந்தால் கொள்முதலில் தகராறு. அறுக்காவிட்டால்? ஒன்பது மா நிலம். ஒரு வருஷத்துச் சாப்பாடு. பேத்தியின் கல்லூரிச் சம்பளம். இவ்வளவும் அந்த வட்டத்துக்குள்ளே நின்றன.

பொழுது விடிவதற்கு முன்பே அவர் இறங்கி அறுப்பு மெஷின்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். திங்கட்கிழமை மாலை அரை நாளுக்கு மட்டும் வண்டி கிடைத்தது. ஆறு மா அறுத்தாயிற்று. மீதி மூன்று மாவை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த நாளை வாய்க்கவில்லை. பிப்ரவரி முதல் தேதி மழை பிடித்தது. இரண்டாம் தேதி விடியற்காலையில் புயற்சின்னம் இலங்கைக் கரையைக் கடந்தது. டெல்டா முழுவதும் கதிர்கள் படுத்தன. பெரியவரின் மூன்று மாவும் படுத்தது. கார்த்திகைப் பழமொழியை நம்பி மெஷினுக்குச் சொல்லாமல் இருந்த பக்கத்து வயல்காரர்களுக்கு முழுவதுமே படுத்தது. அவர் அதைப் பற்றிப் பெருமை பேசவில்லை. “ஆறு மா பாட்டனும் பேரனுமா சேர்ந்து அறுத்தது சார், மூணு மா என் விதி” என்றார். மூன்று மா விதியன்று, வண்டிப் பற்றாக்குறை என்பது நமது அபிப்பிராயம்.

சுதேசி என்ற சொல்லை நாம் எவ்வளவோ காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பாட்டன் சொன்னதெல்லாம் வேதம் என்பது சுதேசியன்று, சோம்பல். பாட்டன் சொன்னதெல்லாம் பிதற்றல் என்பது விஞ்ஞானமன்று, அதுவும் சோம்பலே. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ராமனிடம் ஆராய்ச்சி பயின்ற அன்னா மணி என்ற கதராடை அணிந்த அம்மையார் 1948-இல் வானிலை இலாகாவில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த மழைமானி, காற்றழுத்தமானி முதலிய கருவிகளை இந்நாட்டிலேயே செய்யும்படி சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் வகுத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்ற கண்டிப்பு அவருக்கு. அதுவே சுதேசி.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெரியோர் சொல்லும் மழைக்குறிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில், குறி தோன்றிய தேதியையும் பிறகு மழை வந்ததா என்பதையும் எழுதுங்கள். பலித்ததை மட்டும் அன்று, பலிக்காததையும் எழுதுங்கள். பழமொழிகள் பலிக்காத நாட்களை நாம் மறந்துவிடுவதால்தான் அவற்றுக்குச் சில சமயம் தகாத கௌரவம் கிடைத்துவிடுகிறது. நமது பள்ளிச் சிறுவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். பெரியவரும் ஒரு நோட்டு வாங்கிப் பரண் மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அவருக்கு எழுத வராது, பேத்தி எழுதுகிறாள். முதற்பக்கத்தில் அவள் எழுதியிருப்பது இது: தை 15, எட்டக் கோட்டை, மூன்றாம் நாள் மழை. அதற்குக் கீழே, தாத்தா சொன்னபடி, இன்னொரு வரி: மழை எச்சரிக்கை வந்தால் முதலில் மாட்டை அவிழ்க்கவும்.