மூட்டை மாற்றும் வேலை இனி எதற்கு?

ஓசூரிலிருந்து தர்மபுரி வழியாக மொரப்பூருக்கு, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தின்மேல் ஒரு சிறு ரயில் முன்னொரு காலத்தில் ஓடிற்று. அகலப் பாதையில் வந்த மூட்டைகளை மொரப்பூரில் இறக்கி, அந்தச் சிறு வண்டியில் மறுபடி ஏற்றினாலன்றி அவை ஓசூர் வந்து சேரமாட்டா. அந்தப் பாதை போய் வெகு காலமாயிற்று; ஆனால் மூட்டை மாற்றும் அதே வேலையைச் சென்ற மாதம் ஓசூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் நான் கண்டேன்.

மண்டபத்து ஒலிபெருக்கிகள் டான்டே என்னும் வலைப்பின்னலில் இயங்குபவை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வந்த மைக்செட்காரரின் மிக்ஸரோ ஏவிபி என்னும் வேறு முறையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் கம்ப்யூட்டருக்குப் போடும் அதே கேபிள்தான். சொருகினார், பச்சை விளக்கும் எரிந்தது, நாகஸ்வரம் மட்டும் வெளியே வரவில்லை. முகூர்த்தம் நெருங்கவே, தடித்த பழைய செப்புக் கேபிளை மண்டபத்தின் குறுக்கே இழுத்து டேப் ஒட்டி, எண்களாக இருந்த ஒலியைச் சாதாரண மின்னலையாக்கி, அந்த அலையை மறுபடி எண்களாக்கி, ஒருவாறு ஒப்பேற்றினார்கள்.

அவர் கெட்டிக்காரர், குறை அவருடையதன்று. டான்டே, சிட்னியிலுள்ள ஆடினேட் ஸ்தாபனத்தின் சிருஷ்டி, ஏவிபி, ஐ.ட்ரிபிள்.ஈ. என்னும் பொறியாளர் சங்கம் வகுத்த நியதி, இவற்றைப் போன்ற இன்னொரு முறையான ராவென்னா ஜெர்மனியில் பிறந்தது. கேபிள் ஒன்றாயிருந்தும் பேசும் பாஷை வேறு, அதனால்தான் நாகஸ்வரம் வரவில்லை; பாஷையை இணைத்தாலும் காலம் ஒன்றாயில்லை என்பது மற்றொரு பெரிய சங்கடம்: விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து அனுப்பும் கருவியும், அதை வாங்கி ஒலிக்கும் கருவியும் தத்தம் கடிகாரத்தையே நம்பியிருக்குமாயின், ஒன்று விநாடிக்கு ஓர் அளவு முந்தினாலும் போதும், சிறிது நேரத்தில் ஆலாபனையின் நடுவே 'டிக்' என்ற ஓசை விழத் தொடங்கிவிடும்.

இதற்கெனவே ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி 2013-இல் ஏ.இ.எஸ். 67 என்ற பொது நியமத்தை வெளியிட்டது. ராவென்னாவும் டான்டேயும் அதன் மூலம் பேசிக்கொள்ளலாம். டான்டேக் கருவிகள் பலவற்றில் அந்த வசதி உண்டு, ஆயினும் அதை இயக்கி வைக்காவிட்டால் இல்லாததற்குச் சமானம். அந்த நியமம் ஒலியைச் சுமக்குமே தவிர, தூரத்திலிருந்து கருவியை ஆளும் அதிகாரத்தைத் தராது. ஏவிபியோ அந்த நியமத்துக்குள் நேராக அடங்காது. நடுவே மாற்றுக் கருவி ஒன்று வேண்டும், அதில் இரு கடிகாரங்களின் வேகத்தையும் சமன்செய்யும் வசதியும் வேண்டும்.

ஆகையால் என் கோரிக்கை, விற்பவரிடமன்று, வாங்குபவரிடம். கல்யாண மண்டபக்காரரும், கல்லூரி நிர்வாகிகளும், அபாய அறிவிப்பு ஒவ்வொரு கூடத்துக்கும் எட்டியாக வேண்டிய சிப்காட் ஆலையினரும், டெண்டரில் "ஏ.இ.எஸ். 67, அல்லது தகுந்த மாற்றுக் கருவி" என்று ஒரு வரி சேர்க்கட்டும், பணம் கொடுக்கும் நாளில் வேறு கம்பெனியின் மிக்ஸர் ஒன்றை வரவழைத்து, அதை மாட்டி, அரை மணி நேரம் நாகஸ்வரத்தை ஒலிக்கவிட்டு, 'டிக்' ஓசை விழாததைத் தம் காதாலேயே கேட்ட பிறகு கையெழுத்திடட்டும்.