தகடும் அபிப்பிராயமும்

ஸினிமாவைப் பற்றித் தமிழில் இன்று எழுதப்படுவதில் பெரும்பகுதி அபிப்பிராயம். அதற்கு விமர்சனம் என்று பெயர் வைத்துக்கொண்டு திருப்தியாக இருக்கிறோம். முதலில் வி.ஸி.டி., பிறகு டி.வி.டி., பிறகு ப்ளூ-ரே என்று தகடுகள் வீட்டுக்குள் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ஊருக்கு ஒருவரோ இருவரோ பெயரளவில் கேள்விப்பட்டிருந்த ஓஸு, பிரெஸ்ஸோன், தார்க்கோவ்ஸ்கி எல்லோரும் நம் அலமாரிகளில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். விளைவு என்ன? எழுதுகிறவர்கள் இருவர் சந்தித்தால் போன வாரம் பார்த்த நாலு படங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். “பிரமாதம்.” “கொஞ்சம் ஸ்லோ.” “காமிரா அபாரம்.” “முடிவு எனக்கு ஒப்பவில்லை.” நாலு படத்துக்கு நாலு வாக்கியம். அடுத்த வாரம் வேறு நாலு. இந்தப் பண்டமாற்று அப்படியே அச்சுக்கும் வந்து பத்திரிகைப் பக்கங்களை நிரப்புகிறது. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதில் ஒரு படத்தையாவது யாரேனும் பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. பிலிம் சொஸைட்டி காலத்து விமர்சகனுக்கு ஒரு சமாதானம் இருந்தது. தூதரகத்திலிருந்தோ புனே ஆவணக் காப்பகத்திலிருந்தோ வந்த பெட்டி ஒரு மாலை ஓடிவிட்டுத் திரும்பிப் போய்விடும். இருட்டில் கிறுக்கிய குறிப்பையும் ஞாபகத்தையும் வைத்துக்கொண்டு அவன் எழுதினான். ஒரு ஷாட்டைத் தவறாக நினைவுகூர்ந்திருந்தால் அதைத் திருத்த வழியே கிடையாது. ரேமண்ட் பெல்லூர் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1975இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஸினிமாவைக் கைக்குச் சிக்காத பிரதி என்றார். கவிதையை விமர்சிக்கிறவன் கவிதையின் வரியை எடுத்துக் காட்டலாம். படத்தை விமர்சிக்கிறவன் படத்தை எடுத்துக் காட்ட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த இயலாமையில் பாதியைத் தகடு நீக்கிவிட்டது. நிறுத்தலாம், பின்னே போகலாம், ஷாட்டுகளை எண்ணலாம். லாரா மல்வி 2006இல் இதைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதினார். இலக்கியம் படிக்கிறவனுக்கு எப்போதும் இருந்துவந்த வசதி இது: பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற வசதி. அது ஸினிமாவுக்கும் கிடைத்தபோது, திருப்பிப் பார்ப்பதற்குப் பதிலாக அடுத்த தகட்டைச் செருகினோம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஓஸுவின் ‘லேட் ஸ்ப்ரிங்’ (1949). க்யோட்டோவில் ஒரு விடுதி அறை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தகப்பனும் மகளும் சேர்ந்து போகிற கடைசிப் பிரயாணம். இரவு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். நோரிகோ பேசிக்கொண்டிருக்கிறாள், தகப்பன் தூங்கிப்போய்விட்டார். அவள் கூரையைப் பார்த்து லேசாகப் புன்னகை செய்கிறாள். அடுத்த ஷாட், மூங்கில் நிழல் விழுந்த காகிதத் தடுப்பின் முன்னால் ஒரு ஜாடி. மறுபடி நோரிகோவின் முகம். இப்போது அழுகையின் விளிம்பில். மறுபடி அதே ஜாடி. பிறகு ரியோவான்ஜி கோவிலின் கல் தோட்டம்.

இந்த ஜாடியைப் பற்றி உலகத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பால் ஷ்ரேடர் 1972இல் வெளியிட்ட நூலில் தன் சித்தாந்தத்துக்கே இதை ஒரு தூணாக வைத்தார். நம்மவர்களுக்கு அந்த ஜாடி “ஜென் தத்துவத்தின் குறியீடு”. சிலருக்கு அவள் அதைப் பார்த்து அழுகிறாள். தகட்டை நிறுத்தி அந்த ஐந்து ஷாட்டுகளைப் பாருங்கள். அவள் ஜாடியைத்தான் பார்க்கிறாள் என்பதற்கு அவள் பார்வையின் திசையில் எந்த ஆதாரமும் இல்லை. புன்னகை அழுகையாக மாறிய கணத்தில் அவள் முகம் நமக்குக் காட்டப்படவில்லை என்பதுதான் அங்கே நடந்திருப்பது. நாம் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மாற்றம் நடந்து முடிந்துவிட்டது. ஒரு பெண்ணின் துக்கம் உருவாகிற கணத்தை வேடிக்கை பார்க்க டைரக்டர் நம்மை அனுமதிக்கவில்லை. அழுகையைச் சுற்றிச் சுற்றிக் காமிராவை ஓட்டுகிற ஸினிமாவில் வளர்ந்த நமக்கு இந்த மறுப்பு எவ்வளவு பெரிய விஷயம்! இதை நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஐந்து ஷாட்டுகளையும் அவற்றின் வரிசையையும் கொடுத்திருக்கிறேன். யாரும் தகட்டைப் போட்டு என்னை மறுக்கலாம். “கொஞ்சம் ஸ்லோ” என்பதை எப்படி மறுப்பது? மறுக்க முடியாத வாக்கியத்துக்கு விமர்சனத்தில் இடமில்லை.

“ஸ்லோ” என்ற வார்த்தையில் ஒரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. ஸினிமா வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகிறது. ‘பால்’ என்கிற தொலைக்காட்சி முறைக்காகத் தயாரித்த பல தகடுகளில் படத்தை வினாடிக்கு 25 சட்டமாக ஓட்டிப் பதிந்தார்கள். 108 நிமிஷப் படம் இதில் 104 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். குரல்களின் சுருதியும் சற்று ஏறிவிடும். அப்படிப்பட்ட தகட்டில் பார்த்தவர் ஓஸுவை நூற்றுக்கு நாலு பங்கு வேகமாகப் பார்த்துவிட்டுத்தான் ஸ்லோ என்று குறைப்படுகிறார்.

இங்கேதான் நம்முடைய அசல் பிரச்னை வருகிறது. எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்? தமிழ் படித்தவனுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய சங்கதியா இது? உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பார்த்தார். பாடபேதம் என்பது நம் மரபில் ஊறிய சொல். சங்கப் பாட்டில் ஒரு எழுத்து மாறினால் அர்த்தம் எங்கே போகும் என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள், படத்தின் பாதியை வெட்டி எறிந்த தகட்டைப் பார்த்துவிட்டு டைரக்டரின் “ஃபிரேமிங்” பற்றி எழுதுகிறார்கள்.

வெட்டி எறிந்த என்பது அலங்காரப் பேச்சில்லை. ஸினிமாஸ்கோப் படத்தைப் பழைய சதுர டி.வி.க்காக ஓரங்களை நறுக்கியபோது பத்தில் நாலு பங்குக்கு மேல் போய்விட்டது. குரோஸாவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) படத்தின் முதல் பாதி ஏறக்குறைய முழுவதும் ஒரு பணக்கார வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. முதலாளியின் பிள்ளை என்று நினைத்து டிரைவரின் பிள்ளையைக் கடத்திவிட்டார்கள். பணம் கொடுப்பதா வேண்டாமா என்பது கேள்வி. அகன்ற சட்டத்தின் குறுக்கே ஆட்கள் நிற்கிற இடமும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரும்பிக்கொள்கிற விதமும்தான் அங்கே நாடகம். ஓரம் தள்ளி நிற்கிற டிரைவரைக் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டால் அந்தப் படத்தின் வர்க்கப் பிரச்னையே சட்டத்துக்கு வெளியே போய்விடும். வி.ஸி.டி.யில் இன்னும் மோசம். ஒரு தகட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல் கொள்ளாததால் படத்தை இரண்டு தகடாகப் பிரித்தார்கள். எங்கே வெட்டுவது என்பதைத் தகட்டின் கொள்ளளவு தீர்மானித்தது.

சரி, இப்போது எல்லாம் புதுப்பித்த நல்ல பிரதிகள்தானே என்பார்கள். வாங் கார்-வாய் தன் படங்களைப் புதுப்பித்து 2021இல் வெளியிட்ட தொகுப்பைப் பாருங்கள். ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ (1995) படத்தின் சட்ட அளவையே மாற்றி அகலமாக்கினார். ‘இன் த மூட் ஃபார் லவ்’ (2000) படத்தில் பச்சைச் சாயல் ஏறிவிட்டது. தாம் ஆதியில் எண்ணியதை இப்போது அடைந்ததாக அவர் பக்கத்து வாதம். அது நியாயமா என்பது தனி விவாதம். நான் கேட்பது, அந்தப் படத்தின் சிவப்பைப் பற்றிப் பரவசப்பட்டு எழுதியவர்கள் எந்தச் சிவப்பைச் சொன்னார்கள்?

சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டன் லாபரட்டரி ஒன்றில் நடந்த தீ விபத்தில் எரிந்து சேதமாயின. எரிந்தவற்றில் மீட்க முடிந்ததை மீட்டு, மற்றதை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்து, 2015இல் புதுப்பித்த வடிவம் வெளிவந்தது. அதற்கு முன் நாம் பார்த்தவை பல தலைமுறை நகல்கள் மங்கிப்போன தகடுகள். ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) வறுமையின் சாம்பல் நிறத்தைக் கண்டு யாரேனும் உருகியிருந்தால், அந்தச் சாம்பலில் ராயின் பங்கு எவ்வளவு, நகல் எடுத்தவன் பங்கு எவ்வளவு என்று இப்போதாவது கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர்முனையில் ஒரு கோஷ்டி இருக்கிறது. ஸினிமாவைக் கொட்டகை இருட்டில்தான் பார்க்கவேண்டும், வீட்டில் பார்ப்பது பார்ப்பதே ஆகாது என்பவர்கள். ஸூஸன் ஸோன்டாக் 1996 பிப்ரவரியில் ஸினிமாவின் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய கட்டுரை இவர்களுக்கு வேதம். அதே வருஷம் நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது என்பதை இவர்கள் யோசித்ததில்லை. நியூயார்க்கிலும் பாரீஸிலும் வாரம் முழுதும் நல்ல படம் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கொட்டகைகளுக்காக அழுவதில் அர்த்தமிருக்கிறது. நம் தாலூகா தலைநகர்களின் எந்தக் கொட்டகைக்கு ஓஸு வந்தார்? திரைப்பட விழாவுக்கு லீவு போட்டுப் போகிற வசதியுள்ள நாலு பேர் மட்டும் படம் பார்த்தவர்கள், மற்றவர்களெல்லாம் கேள்வி ஞானக்காரர்கள் என்ற ஜாதிப் பிரிவினையைத் தகடுதான் உடைத்தது. பர்மா பஜாரில் வாங்கிய தகடானாலும் சரி. அந்த ஜனநாயகத்துக்கு நான் கட்சிக்காரன். அதனால்தான் அது அபிப்பிராயச் சந்தையாகப் போனதில் எனக்கு ஆத்திரம்.

ரசனை அவரவர் சுதந்திரம், நீ யார் கேட்க என்பார்கள். ஒருவர் வீட்டில் படம் பார்த்துவிட்டு மனைவியிடம் நன்றாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு என்ன ஆட்சேபணை? அதையே அச்சில் போட்டு, பத்துப் பேர் மதிக்கிற பெயரைக் கீழே எழுதும்போது ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. பிழைப்புக்கு நான் வங்கியில் குமாஸ்தா. காசோலையின் கையெழுத்தை எங்களிடமுள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்காமல், “எனக்குச் சரியாகத்தான் பட்டது” என்று பணம் கொடுத்தால் எந்த மானேஜரும் ஒப்புக்கொள்ளமாட்டார். காசு விஷயத்தில் நாம் எல்லோருமே கேட்கிற இந்தக் குறைந்தபட்ச நாணயம் கலை விஷயத்தில் மட்டும் அத்துமீறலாகத் தோன்றுகிறது.

இதையெல்லாம் இப்போது சொல்ல வேண்டிய அவசரம், தகடே போய்க்கொண்டிருக்கிறது என்பது. அமெரிக்காவில் 1998 முதல் தபாலில் தகடு அனுப்பிவந்த நெட்ஃப்ளிக்ஸ், 2023 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டது. இனிப் படம் நம் அலமாரியில் இருக்காது. எங்கோ ஒரு கம்பெனி தருகிறபோது பார்க்கலாம். உரிமம் முடிந்தால் ஒரு நாள் காலையில் அது காணாமல் போகும். சட்டமும் நிறமும் மாறினாலும் பழையதோடு ஒப்பிட நம்மிடம் பழையது இருக்காது. ஏடு கையில் இருக்கும்போதே ஒப்பிடாதவன் ஏடு போனபின் என்ன செய்வான்?

ஆகவே இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சொற்பம். எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள், எத்தனை நிமிஷம், சட்டம் முழுசா என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு காட்சியையாவது ஷாட் ஷாட்டாகச் சொல்லி, உங்கள் தீர்ப்பு அதில் எங்கிருந்து கிளம்புகிறது என்று காட்டுங்கள். எழுதும் முன் இரண்டாவது தடவை பாருங்கள். வருஷத்துக்கு நூறு படம் பார்த்த பட்டியல் எங்களுக்கு வேண்டாம். அலமாரியில் இருக்கிற ஒரு தகட்டை எடுத்து, அதைப் பற்றி யாரும் மறுக்கக்கூடிய பத்துப் பக்கம் எழுதிக் கொடுங்கள். மறுப்பதற்கு ஆட்கள் இருக்கிறோம்.