ஏரிக்கரைக்குப் போகலாம், பூங்காவுக்குப் போகக் கூடாதா?



போன மாதம் நம் பள்ளியிலிருந்து சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தொல்காப்பியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் வகுப்பில் பையன்கள் எல்லாரும் வந்தார்கள். பெண்கள் 16 பேரில் 5 பேர்தான் வந்தோம். மற்றவர்கள் வீட்டில், "பெரிய பொண்ணு, அவ்ளோ தூரம் எதுக்கு? செடி கொடி நடுவுல நடந்து என்ன ஆகப் போவுது?" என்று சொல்லிவிட்டார்களாம்.

என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன்.

அந்தப் பூங்கா 58 ஏக்கர். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு அங்கே குப்பையும் கட்டடம் இடித்த கல்லும் கொட்டிக் கிடந்ததாம். அதையெல்லாம் அள்ளி, நம் மண்ணின் மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். பிறகு புதுப்பித்து 2025-ல் மறுபடியும் திறந்தார்கள். உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்கும் இடம் கழிமுகம் என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்தோம். அங்கே நடந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அலையாத்தி மரத்தின் வேர் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது! இனி பரீட்சையில் எனக்கு அது மறக்காது. வராத 11 பேருக்கும் அந்தப் பாடம் போய்விட்டது.

வராதவர்களில் என் தோழி ஒருத்தி. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அவள் தினமும் சாயங்காலம் தனியாக ஏரிக்கரைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போகிறாள். விறகும் பொறுக்கி வருகிறாள். வீட்டுக்கு வர இருட்டிவிடும். அப்போது யாருக்கும் பயம் இல்லை. 3 டீச்சர்களோடு, 40 பிள்ளைகளோடு போனால் மட்டும் பயமா? வேலை என்றால் நடக்கலாம், படிக்க என்றால் நடக்கக் கூடாதா?

பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. எங்க அம்மாவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாங்க. டீச்சர் வீட்டுக்கே வந்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொன்ன பிறகு சம்மதிச்சாங்க. அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முன்கூட்டியே பெற்றோர் கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். கூடவே இரண்டு அம்மாக்களையும் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கூடாரம் போட்டு ராத்திரி தங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ராத்திரியில் அது பறவைகளின் வீடு. ஒரு பகல் நடந்து பார்த்துவிட்டு வருகிறோம், 16 பேரும்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி