இருவர் மனமொத்தால் போதுமா?

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் உற்சவத்தைக் காணாதார் எம் கரையோரத்தில் மிகச் சிலரே. பாரதக் கதை படிக்கப்படுகிறது, வனவாசம் நடக்கிறது, முடிவில் தீ மிதிக்கப்படுகிறது. ஐவரை மணந்த ஒருத்தியை அன்னையெனக் கைகூப்பித் தொழும் நாம், அவள் கௌரவர் சபையில் எழுப்பிய வினாவை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். தன்னையே சூதில் தோற்றுவிட்ட ஒருவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று அவள் கேட்டாள். அழுகையினிடையே எழுந்ததாயினும் அது ஒரு சட்ட வினா. பீட்டுமர் போன்ற முதியோரே அதற்கு விடை கூறத் தடுமாறினர்.

மனைவி கணவனின் உடைமையா என்ற அதே வினாவை, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தீவிர அரசியல்வாதிகள் சிலர் தம் சொந்த வாழ்க்கையிலேயே எழுப்பினர். விக்டோரியா மகாராணியாரின் காலம் ஒழுக்கத்தின் பொற்காலமென நமக்குப் போதிக்கப்பட்டது. அக்காலச் சட்டமோ, மணமான பெண்ணின் அசையும் பொருளையும் அவள் உழைத்துப் பெற்ற ஊதியத்தையும் கணவனுக்கே உரித்தாக்கியிருந்தது. 1870ஆம், 1882ஆம் ஆண்டுச் சட்டங்களே அந்நிலையைப் படிப்படியாக மாற்றின.

அறிஞர் ஜோன் ஸ்டூவர்ட் மில், ஹரியட் டெய்லர் என்ற மணமான மாதை 1830ஆம் ஆண்டளவில் சந்தித்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஊர்ப்பழியையும் உறவினர் பகையையும் தாங்கி இருவரும் நட்புப் பாராட்டினர். அம்மாதின் கணவர் 1849இல் காலமானபின், 1851இல் அவர்கள் மணந்துகொண்டனர். மணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் மில் ஓர் அறிக்கை எழுதி வைத்தார். மனைவியின் ஆள்மீதும் பொருள்மீதும் சட்டம் கணவனுக்குத் தரும் அதிகாரம் எதையும் தாம் கையாளப் போவதில்லை என்பதே அதன் சாரம். அந்த அறிக்கை நீதிமன்றத்தில் செல்லாது என்பதை அவர் நன்கறிவார். ஆகவேதான் அதைத் தம் கண்டனமாகப் பதிவுசெய்தார்.

மில் சட்டத்துக்குள் நின்று கண்டித்தார். வேறு சிலர் அச்சட்டத்தின் வாசற்படியையே மிதிக்க மறுத்தனர். ஈடித் லாஞ்செஸ்டர் என்ற சோசலிச நங்கை, ஜேம்ஸ் சல்லிவன் என்ற தொழிலாளத் தோழருடன் மணச்சடங்கின்றி வாழப்போவதாக 1895இல் அறிவித்தாள். தந்தையும் சகோதரர்களும் ஒரு வைத்தியரை அழைத்து வந்தனர். அளவுக்கு மிஞ்சிய கல்வியே காரணம் என்று எழுதி, அவளைப் பைத்தியசாலைக்கு அனுப்பினார் அவ்வைத்தியர்! தோழர்களின் கிளர்ச்சியால் நான்கு நாட்களில் விடுதலை பெற்றாள். சல்லிவன் 1945இல் இறக்கும்வரை இருவரும் இணைபிரியாது வாழ்ந்தனர்.

எல்லாருக்கும் அப்பேறு வாய்த்ததில்லை. கார்ல் மார்க்சின் இளைய மகள் எலினோர், எட்வர்ட் ஏவ்லிங் என்பாருடன் 1884 முதல் வாழ்ந்தாள். ஏவ்லிங்கிற்குச் சட்டப்படி மனைவி ஒருத்தி இருந்தாள். ஆகவே மணக்க இயலாதெனப்பட்டது. அம்மனைவி 1892இல் இறந்தாள். அதன் பின்னரும் அவர் எலினோரை மணக்கவில்லை. 1897இல், வேறொரு பெயரில், வேறொருத்தியை இரகசியமாக மணந்தார். 1898 மார்ச் 31ஆம் நாள் எலினோர் நஞ்சருந்தி மாண்டாள். அவள் விட்டுச்சென்ற பொருளும் ஏவ்லிங்கையே சேர்ந்தது.

இந்த மூன்று வரலாறுகளும் எமக்கு உணர்த்துவது யாது? பழைய தளையை அறுத்தெறியும் துணிவு இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். துணிவின் விலையோ ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை. உறவு முறியும்போது ஆண் கொள்கைவாதியாகவே நடமாடுகிறான். பெண்தான் பழியையும் வறுமையையும் சுமக்கிறாள்.

அச்சிந்தனைகள் கடல்கடந்து தமிழகத்துக்கும் வந்தன. 1880களில் சென்னையில் வெளிவந்த ‘தத்துவவிவேசினி’ என்ற ஏடு, இலண்டன் சுயசிந்தனையாளரின் கருத்துகளைத் தமிழில் பரப்பியது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் ஈ. வெ. ராமசாமியின் தலைமையில் முதலாவது சுயமரியாதைத் திருமணம் நடந்தேறியது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, இருவரின் உறுதிமொழியே மணம். புகழத்தக்க புரட்சிதான். ஆயினும் 1934இல் நடைபெற்ற அத்தகைய திருமணம் ஒன்றைச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் செல்லாதென்று தீர்த்தது. மேடையில் வாழ்த்தப்பெற்ற மணமகள், நீதிமன்றப் படியில் மனைவியல்லள் ஆனாள்! அறிஞர் அண்ணாவின் அரசு 1967இல் சட்டத்தைத் திருத்தி, முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கிய பின்னரே அக்குறை நீங்கிற்று. இடையில் கழிந்தவை 39 ஆண்டுகள். கொள்கை முன்னே ஓடிற்று. சட்டம் பின்னே நொண்டிற்று. நடுவில் நின்று தவித்தவர்கள் பெண்கள்.

எமது நாட்டின் நிலை சற்று வேறு. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்ததாக நிரூபிக்கப்படின், மாறாக நிரூபிக்கப்படும்வரை, அவர்கள் முறைப்படி மணந்தவர்களென்றே சட்டம் அனுமானிக்கும். இது 1881இல், இலங்கைத் தமிழர் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், இலண்டன் பிரிவுக் கவுன்சில் உரைத்த நெறி. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் பதிவில்லாத வழக்காற்று மணத்தைச் செல்லாதெனத் தள்ளவில்லை. முஸ்லிம் சகோதரர்க்கான 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பதிவின்மை ஒன்றே மணத்தை அழித்துவிடாது.

அப்படியாயின் கவலை எதற்கு என்று கேட்பீர்கள். அனுமானம் என்பது உடைக்கப்படக்கூடியது. அதை நிலைநாட்டச் சாட்சி வேண்டும். வழக்குச் செலவு வேண்டும். பல்லாண்டுப் பொறுமை வேண்டும். கணவனை இழந்தவள், அவன் உழுத அனுமதிப்பத்திரக் காணிக்காகவோ உதவித் தொகைக்காகவோ அலுவலகப் படியேறும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, “எழுத்து எங்கே?” என்பதுதான். சாதி மாறி மணந்தவள், மதம் மாறாமலே வேற்று மதத்தவனுடன் வாழ்பவள், விதவையாகி மறுதுணை தேடியவள் ஆகியோருக்குச் சாட்சி சொல்ல வேண்டிய உறவினரே எதிர்க்கட்சியில் நிற்பர். இத்தகைய பெண்களின் கோவைகளைப் புரட்டும்போதெல்லாம் எலினோரின் முடிவே எம் நினைவுக்கு வருகிறது.

ஒன்று கவனிக்கத்தக்கது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டை மகளுக்கே சீதனமாகக் கொடுப்பர். மாப்பிள்ளை அவள் வீட்டிலே குடியேறுவான். மில் தம் அறிக்கையால் தர விரும்பிய பாதுகாப்பின் பெரும்பகுதியை எமது வழக்காறு தானாகவே பெண்ணுக்குத் தந்திருந்தது. ஆனால் 2004ஆம் ஆண்டுக் கடல்கோளின் பின் கட்டப்பட்ட புது வீடுகள் பல, குடும்பத் தலைவன் என்ற பேரால் ஆணின் பெயருக்கு எழுதப்பட்டன. எழுத்தில் இல்லாத உரிமை எத்துணை எளிதில் கைநழுவும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அன்புக்குக் காகிதம் எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். அன்பு உள்ளவரை காகிதம் தேவையில்லைதான். அன்போ ஆளோ மறைந்த மறுநாளுக்கே அது தேவை. இப்படியெல்லாம் இணையவிட்டால் குடும்பம் சிதையாதோ என்று பெரியோர் கேட்கலாம். ஒளித்து வாழும்படி விரட்டுவதே குடும்பத்தைச் சிதைக்கிறது. 18 வயது நிறைந்த இருவர் தம் விருப்பால் இணைவதைத் தடுக்கக் கோயில் நிருவாகத்துக்கோ பள்ளிவாசல் நிருவாகத்துக்கோ சாதிச் சங்கத்துக்கோ சட்டத்தில் அதிகாரம் எள்ளளவும் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை. மனமொத்து இணைவோர் தாமதியாது விவாகப் பதிவாளரை நாடி எழுத்தை முடித்துக்கொள்க. எழுத்தைத் தள்ளிப்போடும் ஆணுக்கு முந்திய மனைவி ஒருத்தி உண்டா என்பதைப் பெண்வீட்டார் விசாரித்தறிக. வீட்டு உறுதியிலும் காணிப் பத்திரத்திலும் பெண்ணின் பெயர் இடம்பெற வேண்டுமென விவசாயச் சங்கங்கள் வற்புறுத்துக. ஊரார் ஒதுக்கிவைத்த தம்பதியருக்காகக் கட்டணமின்றி முன்னிற்பது எம் சட்டத்தரணிகளின் கடமை. பெண்ணின் பதிவில்லாத வாழ்வைத் தன் வசதிக்குப் பயன்படுத்தும் எவனையும், அவன் எத்துணை முற்போக்கு மேடைகளில் முழங்குபவனாயினும், எம் இயக்கங்கள் மேடையேற்றலாகாது.

தீக்குழியில் இறங்குவோரின் பக்தியை நாம் மதிக்கிறோம். அந்த அன்னைக்குச் செய்யும் வழிபாடு வேறொன்றும் உண்டு. சபையில் அவள் கேட்ட வினாவை எம் வீட்டுப் பெண்ணொருத்தி கேட்கும் நாளில், முதியோர் தடுமாறாதிருக்கவும் அவள் கையிலே எழுத்து இருக்கவும் வழிசெய்வோமாக.