டயரின் காற்றழுத்தமும் ஓட்டுநரின் கடமையும்

ஒரு மோட்டார் காரின் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் உடையதாயினும், அத்திறன் முழுவதும் உள்ளங்கை அகலமே உள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகளின் வாயிலாகத்தான் சாலையைச் சென்றடைகிறது. தடை பிடிப்பதும், வளைவில் வண்டி நிலைகுலையாது செல்வதும் அப்பரப்புகளைப் பொறுத்தனவே. அவற்றின் வடிவைக் காப்பது டயருக்குள் அடைபட்டுள்ள காற்று. ஆயினும் உயர்திறன் கார்களை விரும்பி வாங்குவோருள் பலர், எஞ்சினுக்குச் செலுத்தும் கவனத்தில் சிறு பகுதியையேனும் இக்காற்றுக்குச் செலுத்துவதில்லை. இதனினும் கவலைக்குரியது மக்களிடையே நிலவும் ஒரு தவறான நம்பிக்கையாகும். கோடை வெயிலில் டயர் வெடித்துவிடும், ஆகவே விரைவுச்சாலையில் செல்லுமுன் சிறிது காற்றை இறக்கிவிடுவது நலம் என்பதே அந்நம்பிக்கை. இது விபத்தைத் தடுப்பதற்கு மாறாக, அதனை வரவழைக்கிறது.

டயர் சூடேறுவதற்கு வெயில் மட்டுமே காரணமன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 14 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் பக்கச்சுவர் நசுங்கி மீள்கிறது. நசுக்குவதற்குச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. அதில் ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது. காற்று குறைந்தால் நசுங்கல் மிகுகிறது. வேகம் கூடினால் நசுங்கும் தடவைகள் பெருகுகின்றன. இவ்விரண்டும் சேரும்போது, வெளியேறும் வெப்பத்தைக் காட்டிலும் உண்டாகும் வெப்பம் மிகுந்து, எஃகுக் கம்பி அடுக்குகளுக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிணைப்பு தளர்கிறது. அதன் முடிவில் மேற்பட்டை பிரியலாம். டயர் வெடிக்கவும் கூடும். வெடிப்புக்கு அஞ்சிக் காற்றை இறக்குபவர் அவ்வெடிப்புக்கே வழி செய்தவராகிறார்.

வெப்பத்தால் காற்றின் அழுத்தம் உயர்வது உண்மையே. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் சதுர அங்குலத்திற்கு 33 பவுண்டு அழுத்தமுள்ள டயர், 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 38 பவுண்டு காட்டும். இவ்வுயர்வு எதிர்பாராதது அன்று. தயாரிப்பாளர் இதனையும் கணக்கிற் கொண்டே அளவை வகுக்கின்றனர். இதனை உணராத ஓட்டுநர், வழியில் சூடான டயரைச் சோதித்து, மிகுதி எனக் கருதி 33 பவுண்டுக்கு இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாட் காலை டயர் குளிர்ந்ததும் அதில் எஞ்சியிருப்பது 29 பவுண்டுக்கும் குறைவே. அந்நிலையிலேயே அவர் அடுத்த பயணத்தைத் தொடங்குகிறார்.

இத்தவற்றுக்குப் பந்தய ஓட்டுநரின் வழக்கமும் ஓரளவு துணைபுரிந்திருக்கலாம். கிரேட்டர் நொய்டாவில் 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புத்த சர்வதேசப் பந்தயத் தடமும், 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலையும் அருகருகே உள்ளன. பந்தயத் தடத்தில் டயர் மிகக் கடுமையாகச் சூடேறுவதால், சூடேறிய பின் வேண்டும் அழுத்தத்தை மனத்திற் கொண்டு, தொடக்கத்தில் காற்றைக் குறைத்து வைப்பது உண்டு. சில சுற்றுகளே ஓடி, ஓடியபின் டயரை ஆராய்வோர்க்கு அது பொருந்தும். குடும்பத்தையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு 165 கிலோமீட்டர் விரைவுச்சாலையில் ஆக்ராவை நோக்கிச் செல்பவருக்கு அது பொருந்தாது.

பந்தயத்திலும் இவ்வுரிமைக்கு எல்லை உண்டு. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டயர் வழங்கும் நிறுவனம் குறைந்த அளவு அழுத்தத்தை விதிக்கிறது. 2015ஆம் ஆண்டில் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில், வெற்றி பெற்ற காரின் ஒரு டயரில் அழுத்தம் 0.3 பவுண்டு குறைந்திருந்ததாக விசாரணை எழுந்தது. டயரைச் சூடாக்கும் போர்வைகளின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, டயர்கள் குளிர்ந்திருந்த வேளையில் அளவெடுக்கப்பட்டமை தெரியவந்ததால், முடிவு மாற்றப்படவில்லை. வெப்பநிலையைக் கூறாத அழுத்த அளவு பொருளற்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மறுபுறம், காற்றை மிகுதியாக அடைப்பதும் பிழையே. அப்போது டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. சாலையைப் பற்றும் பரப்பு சுருங்குகிறது. டயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ள உச்ச அழுத்தம் அந்த டயர் தாங்கும் எல்லையைக் குறிப்பதே அன்றி, அக்காருக்கு உரிய அளவன்று. உரிய அளவு ஓட்டுநர் கதவின் தூணிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில் உள்ளது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும், குறைந்த சுமைக்கும் நிறைந்த சுமைக்கும் அதில் வெவ்வேறு அளவுகள் காணப்படலாம். சில உயர்திறன் கார்களில் மிகுவேகத்திற்குத் தனி அளவும் உண்டு.

மழைக்காலத்திலும் இவ்வளவு இன்றியமையாதது. நீர் தேங்கிய பரப்பில் டயர் தரையை விட்டெழுந்து நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என நாசா ஆய்வாளர்கள் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விமான டயர்களைக் கொண்டு கண்ட அவ்விதியைத் தோராயமாகக் காருக்குப் பொருத்தினால், 33 பவுண்டில் அவ்வேகம் மணிக்கு 96 கிலோமீட்டர். 25 பவுண்டில் 83 கிலோமீட்டர்.

அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி உள்ளதே எனச் சிலர் வாதிக்கலாம். அமெரிக்க விதிப்படி அக்கருவி, குறிப்பிட்ட அளவில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும். எனவே 33 பவுண்டு வேண்டும் டயர் 25 பவுண்டை நெருங்கும் வரை அது வாளாவிருக்கவும் கூடும். அது காவலனுக்குத் துணையே அன்றிக் காவலன் அன்று.

ஆகவே செய்யத்தக்கது எளியது. வண்டி மூன்று மணி நேரமேனும் நின்ற பின், காலையில் வெயில் ஏறுமுன், நம்பத்தக்க அழுத்தமானியால் நான்கு டயர்களையும் மாற்று டயரையும் மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்திற்கு முன்பும் அளத்தல் வேண்டும். பெட்ரோல் நிலையத்தார் தம் கருவிகளைக் காலந்தோறும் சரிபார்ப்பதும், குளிர்ந்த டயரையே அளக்க வேண்டும் என்பதை அவ்வம் மாநில மொழியில் எழுதி வைப்பதும் அவர்களது கடமை. நாட்டில் விரைவுச்சாலைகள் பெருகிவருகின்றன. அவற்றில் விரைந்து செல்லும் உரிமையை நாடுவோர், புறப்படுமுன் ஐந்து நிமிடம் குனிந்து டயரைப் பார்க்கும் கடமையையும் ஏற்றல் வேண்டும்.