வாய்க்கால் ஒன்று, மனு இரண்டு

வக்கீல்கள், வணிகர்கள், பொதுநலச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து குரல் கொடுத்ததால்தான் 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆச்சு. வாய்க்கால் விஷயத்தில் மட்டும் ஏன் தனித்தனி?

நகரத்துக் குடியிருப்போர் சங்கங்கள் சாக்கடைக்காகத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கின்றன. தூர்வாரச் சொல்லி நாம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். அது ஒரு துறைக்கு, இது வேறு துறைக்கு. வங்கியில் ஃபைல் பார்த்தே நரைத்தவன் நான். இரண்டு மேசைக்குப் பிரிந்த காகிதம் இரண்டிலும் தூங்கும்.

பஞ்சகவ்யம் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறோம். மடையில் சாக்கடைத் தண்ணி வந்தால் அது என்ன இயற்கை விவசாயம்? மேட்டூர் திறக்கிற வழக்கமான ஜூன் 12-க்கு முன்னால், சித்திரையிலேயே நகரத்துச் சங்கத்தாரை அழைத்து வாய்க்கால் கரையில் ஒன்றாக நடப்போம். கழிவு கலக்கிற இடங்களைக் குறித்து, இரு தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடணும்.