கவனமில்லையா, காது கேட்கவில்லையா?



சில மாதமாக என் இடது காது மந்தம். போன வாரம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "ஐயா, எந்தக் காதில் அதிகமாகக் கேட்குது?" இடது காதில் என்றேன். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், அடுத்து காதுக்கு அருகே பிடித்தார். "எது பலமா இருக்கு?" எலும்பில் வைத்ததுதான். அழுக்கு அடைப்பு. எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கவையைப் பார்த்ததும் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சொல்வதெழுதுதலில் பாதிச் சொற்கள் இருக்காது. "கவனம் எங்கேடா?" என்று வருடம் முழுக்க முட்டி போட வைத்தேன். காதில் சீழ் வடிந்ததைப் பார்த்தும், கடலில் குளிக்கிற பிள்ளைகளுக்கு சகஜம் என்று விட்டுவிட்டேன். ஆறாம் வகுப்புக்குப் போனபின் மருத்துவ முகாமில்தான் செவிப்பறையில் ஓட்டை என்று தெரிந்தது. எங்கள் அறிவியல் அலமாரியிலும் ஓர் இசைக்கவை இருந்தது. ஒலி பாடத்துக்கு மட்டும் எடுப்போம்.

இப்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு "ம்ம்" என்று சொல்லிப் பாருங்கள். அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். நெற்றியில் வைக்கும் சோதனையின் சூட்சுமம் இதுதான். அடைப்பு, ஓட்டை என்றால் சத்தம் மந்தமான காதுக்குப் போகும். நரம்புக் கோளாறு என்றால் நல்ல காதுக்குப் போகும். ஜெர்மனியின் வெபர் 1834லும், எலும்புச் சோதனையை ரின்னே 1855லும் எழுதிவைத்தார்கள். இன்றும் 512 ஹெர்ட்ஸ் கவை டாக்டர் மேசையில் இருக்கிறது.

அதற்காகக் கவை வாங்கி வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். எவ்வளவு கேட்கவில்லை என்பதை அது சொல்லாது. இரண்டு காதிலும் நரம்பு ஒரே அளவு பழுதானால் எல்லாம் சரி என்றே காட்டும். சின்னப் பிள்ளைகள் பதிலை மாற்றிச் சொல்வார்கள். ஆடியோமெட்ரி பரிசோதனை அவசியம்.

ஆசிரியரும் பெற்றோரும் செய்ய வேண்டியது சந்தேகப்படுவதுதான். பிள்ளை திரும்பவில்லையா, டிவி சத்தத்தைக் கூட்டுகிறதா, காதில் சீழா? திட்டும் முன் காதைக் காட்டுங்கள். பெரியவர்களுக்குத் திடீரென ஒரு காது கேட்காமல் போனால் எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காதீர்கள், அன்றே ஓடுங்கள். நரம்பு என்றால் நாள் தள்ளத் தள்ளக் கேள்வி திரும்புவது கஷ்டம்.

அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, தப்பு என் பேரில்தான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்